உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: அதன் பின்னுள்ள ஆண்டுகள்

(ஜமாஅத் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பள்ளிவாசல் மேடையில் இரைப்பைச் சிகிச்சையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற ரமளானுக்கு முன் இரு குடும்பத்தார் தனித்தனியே நம்மிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டனர்: வயிற்றைச் சுருக்கிக்கொண்டவர் நோன்பு வைக்கலாமா? கேட்டவர்கள் தாழ்ந்த குரலில், யாரும் கேட்டுவிடாதபடி கேட்டனர். அந்தத் தாழ்ந்த குரலே நம்மை இன்று பேச வைத்தது. சர்க்கரையும் மூச்சுத்திணறலும் மூட்டு வலியும் முற்றி, வேறு வழியின்றி மதுரைக்கும் கோவைக்கும் சென்று இச்சிகிச்சை செய்துகொள்வது திருட்டுத்தனமான காரியமன்று.

இன்று பரவலாகச் செய்யப்படும் முறை இரண்டு. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்கிற்கும் மேல் வெட்டி நீக்கி, மீதியை நீண்ட குழாய்போல் தைத்துவிடுகின்றனர். மற்றொன்றில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கின்றனர். உணவு கொள்ளும் இடம் சுருங்குவதோடு, பசியைத் தூண்டும் சுரப்பும் குறைகிறது. ஆகவே முதல் ஓராண்டில் எடை வேகமாக இறங்குகிறது. பார்ப்போர் வியக்கின்றனர், செய்துகொண்டவரும் மகிழ்கிறார். நாம் பேச விரும்புவது அதற்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றி.

சுவீடன் நாட்டு மருத்துவர்கள் 1987ஆம் ஆண்டு தொடங்கி, சிகிச்சை பெற்றோரையும் பெறாதோரையும் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தனர். முதல் ஓரிரு ஆண்டுகளில் எடை மிகத் தாழ்ந்த நிலையை அடைந்து, பின் ஒரு பகுதி திரும்பி ஏறியது. பத்தாண்டு முடிவில், குடலை இணைக்கும் முறையில் செய்துகொண்டோர் தம் பழைய எடையில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்த நிலையில் இருந்தனர். சர்க்கரை நோயாளிகளுள் இரண்டாம் ஆண்டில் 72 விழுக்காட்டினர் அந்நோய் நீங்கியிருந்தனர். 15ஆம் ஆண்டில் அது 30 விழுக்காடாகக் குறைந்தது. 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, சிகிச்சை பெற்றோர் பெறாதோரைவிடச் சராசரி மூன்றாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். எனினும் பொதுமக்களின் ஆயுளை அவர்களும் எட்டவில்லை. நன்மை மெய்யானது, ஆனால் அதைக் காத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஈமான் அஹ்மது என்ற பெண்மணியைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். ஏறத்தாழ 500 கிலோ எடையுடன், பல்லாண்டுகள் படுக்கையிலேயே கிடந்த அவரை 2017 பிப்ரவரியில் மும்பை சைஃபி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். மார்ச்சில் டாக்டர் முஃபஸ்ஸல் லக்டாவாலா குழுவினர் சிகிச்சை செய்தனர். எடை பெருமளவு இறங்கியது. பின்னர் அபுதாபிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று இருதயம், சிறுநீரகக் கோளாறுகளால் வஃபாத்தானார். நாளிதழ்கள் கிலோவை எண்ணிக்கொண்டிருந்தன. நெடுநாள் பழுதான உறுப்புகளோ எடை இறங்கிய வேகத்தில் சீராகிவிடவில்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் பகுதியில் இச்சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்ததும், அரசு விசாரணைக்கு உத்தரவிட்டதும் செய்தியாக வந்தன. விளம்பரத்தையும் கட்டணச் சலுகையையும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கலாகாது.

சிகிச்சைக்குப் பின் நாள்தோறும் செய்யவேண்டியது என்ன? சிறிது சிறிதாக, நன்கு மென்று உண்ணவேண்டும். முட்டை, மீன், பருப்பு, கோழி முதலிய புரத உணவை முதலில் உண்டு, சோற்றைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். வயிற்றில் ஒரு பங்கை நீருக்கு ஒதுக்கச் சொன்ன நபிமொழியை நாம் அறிவோம். இவருக்கோ உணவோடு நீர் கூடாது, அரை மணி நேரம் கழித்தே அருந்தவேண்டும். பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுவதும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை. இரண்டாண்டு கழிந்ததும் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. பி-12 குறைவு ஓசையின்றி வந்து, கால் மரத்துப்போகும் வரை தெரிவதில்லை. பெண்கள் ஒன்று அல்லது ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடவேண்டும் என்பர் மருத்துவர். மாமியார்மார் இதைக் காதில் வாங்கிக்கொள்ளவேண்டும்.

எடை திரும்புவது பெரும்பாலும் மெல்ல வேண்டாத உணவால். ஒரு பிடி கறியை ஏற்காத வயிறு, ஐஸ்கிரீமையும் பழச்சாற்றையும் தடையின்றி ஏற்கும். நம் நத்தத்து மாம்பழக் காலம் இவர்களுக்குச் சோதனைக் காலம்.

அடுத்து வலீமா. சீரகச் சம்பா பிரியாணிக்குப் பேர்பெற்ற மாவட்டம் நம்முடையது. விருந்தாளியின் தட்டில் கேளாமலே இன்னொரு கரண்டி வைப்பதை நாம் அன்பென்று கருதுகிறோம். சிகிச்சை பெற்றவருக்கு அந்தக் கரண்டி நெஞ்சடைப்பும் வாந்தியும் ஆகும். அவர் பாதியில் எழுந்தால் "காசு கொடுத்துச் சாப்பாட்டை இழந்தவர்" என்று கேலி பேசுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். அந்தக் கேலிக்கு அஞ்சியே சிலர் திருமண வீடுகளுக்கு வருவதை விட்டுவிட்டனர். எடை ஏறியிருந்தபோதும் கேலி, இறங்கிய பின்னும் கேலி என்றால் அவர் எங்கே போவார்?

நோன்பைப் பற்றிய கேள்விக்கு வருவோம். முதல் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு வரை நோன்பைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் பொதுவாகக் கூறுகின்றனர். ஒரே மூச்சில் ஒரு குவளை நீர் குடிக்க இயலாதவர், பகலில் இழந்த நீரை இரவில் ஈடுசெய்வது கடினம். நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகை இவருக்கும் உரியது. ஆனால் பின்னாளில் வலிமை திரும்பும் என்ற எதிர்பார்ப்பு இருப்பதால், ஃபித்யா கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள இயலாது. விடுபட்டவற்றைக் கழாச் செய்யவேண்டும். மருத்துவர் அனுமதித்த பின் நோன்பு வைப்போர், இஃப்தாரில் சர்பத்தை விட்டுவிடுங்கள்; குடலை இணைத்துக்கொண்டவருக்குச் சர்க்கரை வேகமாக இறங்கிப் படபடப்பும் மயக்கமும் வரும். நோன்புக் கஞ்சியைச் சிறு கோப்பையில் மெல்லப் பருகலாம். வடையும் சமோசாவும் வேண்டாம். இஃப்தார் முதல் ஸஹர் வரை சிறு சிறு மிடறாக நீர் அருந்தி வரவேண்டும். தலைசுற்றலோ கடும் பலவீனமோ கண்டால் அப்போதே நோன்பைத் திறந்துவிடவேண்டும். மஃரிபுக்கு இன்னும் சிறிது நேரம்தானே என்று பொறுத்திருக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் ஒருவர் கேட்டார். வைட்டமின் குளிகைகளின் உறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது எந்தப் பிராணியிலிருந்து எடுக்கப்பட்டது என்று நமக்குத் தெரிவதில்லை. ஐயம் கொண்டு மருந்தையே நிறுத்திவிடாதீர்கள். அதே சத்து மாத்திரையாகவும், தாவர உறையிட்ட குளிகையாகவும் கிடைக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு, மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். ரமளானுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே மருத்துவச் சீட்டுடன் வாருங்கள். அஸர் தொழுகைக்குப் பின் நாம் பள்ளிவாசலிலேயே இருப்போம். தனியே அமர்ந்து பேசிக்கொள்ளலாம்.