புனைபெயருக்குள் உறங்கும் உரிமை



1948 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மானிட உரிமைப் பிரகடனத்தின் 27 ஆம் விதி, சமுதாயத்தின் கலாசார வாழ்வில் பங்குகொள்ளும் பாத்தியதையை எல்லாருக்கும் அளித்துவிட்டு, ஆசிரியன் தன் படைப்பினால் விளையும் நலன்களைக் காத்துக்கொள்ளும் பாத்தியதையையும் அதனருகிலேயே வைத்திருக்கிறது. பாரதியின் பாடல்களை முன்னிட்டுத் தமிழ்நாட்டில் இவ்விரு பாத்தியதைகளும் மோதிக்கொண்டபோது, பொதுஜனக் கிளர்ச்சிக்குச் செவிசாய்த்து, 1949 இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசாங்கம் அப்பாடல்களின் பதிப்புரிமையைத் தானே ஏற்க முன்வந்தது.

நம் மலேசியத் தோட்டத்துக் கவிஞர்களுக்காக எந்த அரசாங்கம் முன்வரும்? விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்று, பகலெல்லாம் பால்மரம் வெட்டி, இரவில் லயத்து விளக்கொளியில் எழுதிய அன்பர்களின் கவிதைகள், திருவிழா மலர்களிலும் பள்ளி ஆண்டுமலர்களிலும் பெரும்பாலும் புனைபெயர்களிலேயே வெளிவந்தன. ரப்பர் மறைந்து செம்பனை வந்து, குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்த பின்னர், தைத்த கம்பி துருவேறி, ஓரம் செல்லரித்த அம்மலர்கள் தகரப்பெட்டிகளில் எஞ்சியிருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்ற விழைவோர் எதிர்கொள்ளும் சட்டச் சிக்கலை நான் சற்று விரித்துரைக்க வேண்டும்.

மலேசியாவின் 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். புனைபெயரில் வந்ததாயின், பிரசுரமான ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள். ஆயின் அப்புனைபெயருக்குரியவர் இன்னாரென்று தெரியவந்துவிட்டால், கணக்கு மீண்டும் அவருடைய ஆயுளோடு இணைந்துவிடுகிறது. அதாவது, 1960 இல் அச்சான கவிதையை எழுதியவர் யாரென்று தேடாதவருக்கு வழி திறந்திருக்க, அவர் 1990 இல் மறைந்தவர் என்று தேடிக் கண்டுபிடித்தவருக்கோ 2040 முடியும்வரை கதவு சாத்தப்படுகிறது! நூலகத்துக்கு இலகு என்பதற்காகக் கவிஞனை அநாமதேயனாகவே விட்டுவைப்பது பெரும் அநீதி என்பதே என் திடமான அபிப்பிராயம். தன் படைப்பில் தன் பெயர் பொறிக்கப்படுதல் அவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே ஊதியமாகவும் இருக்கக்கூடும்.

வாய்மொழிப் பாடல்களின் நிலை வேறு. பாட்டி பாடும் தாலாட்டு எவருக்கும் சொந்தமன்று. எனினும் அவர் பாடும் அந்நிகழ்ச்சியில் அவருக்கு உரிமையுண்டு. கைபேசியில் பதிவுசெய்வோர் அவரது சம்மதத்தைக் கேட்பதும், பெயரையும் தோட்டத்தையும் குறிப்பதும் கடமையாகும்.

இந்தியச் சட்டத்தின் 31ஏ பிரிவு, ஆசிரியர் கண்டறிய முடியாதவராயின், பத்திரிகையில் அறிவித்து அனுமதி கோருவதற்கு வழி வகுத்திருக்கிறது. அத்தகைய வழியொன்று நம் நாட்டுச் சட்டத்திலும் தெளிவாக அமைதல் வேண்டும். அதுவரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. குளுவாங் பள்ளி மலர்களிலிருந்தே தொடங்கி, ஒவ்வொரு புனைபெயருக்கும் உரியவரைத் தேடி, வாரிசுகளிடம் எழுத்துமூலம் சம்மதம் பெறுவோம். மலர்க்குழுவில் இருந்தவர்களை நேரில் அறிந்த முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.