குரலும் குணமும்: பாகவதர் அன்பர்களின் வழக்குரை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் எழுந்த சிறு பூசலே இவ்வுரைக்குத் தோற்றுவாய். அன்று எடுத்துக்கொண்ட பொருள் திரைப்பாடலும் கவிதையும். எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றிய பேச்சு வந்தபோது இளங்கவிஞர் ஒருவர், "கொலை வழக்கில் உள்ளே போனவர், பாட்டும் வெறும் கூச்சல்" என்று ஒரே மூச்சில் இரண்டு தீர்ப்புகளை வழங்கிவிட்டார். சிவகாசி அச்சகத்தில் லித்தோ பொறியோடு தம் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். தந்தை சேர்த்து வைத்த பாகவதர் இசைத்தட்டுகளை இன்றும் துடைத்துத் துடைத்துக் காத்து வருபவர் அவர். "கோர்ட்டே விட்டுடுச்சு, தம்பி. நீங்க விட மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். தேநீர் வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கும் அவர் வரவில்லை.

பெரியவரின் வினா எளியது. ஆயினும் அதற்குள் இரண்டு வழக்குகள் பின்னிக் கிடக்கின்றன. இளங்கவிஞர் குணத்தையும் குரலையும் சேர்த்தே பழித்தார். பாகவதர் அன்பர்களோ மூன்று தலைமுறையாக அவ்விரண்டையும் சேர்த்தே காத்து வருகின்றனர். பழிப்போரும் காப்போரும் ஒரே முடிச்சைத்தான் பிடித்திருக்கிறார்கள். அம்முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

தலைவன் மாய்ந்தபின் அவனைச் சார்ந்தோர் ஆற்றாது இரங்குவதைக் கையறுநிலை என்னும் துறையாகப் பழந்தமிழர் வகுத்தனர். பாரியை இழந்த கபிலரும் அதியமானை இழந்த ஔவையும் நம் நினைவுக்கு உடனே வருவர். அத்துறையில் அழுகை மட்டும் இல்லை. மாய்ந்தவன் இத்தகையன் என்று நிறுவும் சான்றுரையும் அதனுள் அடங்கியிருக்கிறது. இறந்தவன் தனக்காகப் பேச இயலாதவன். ஆகவே பாடியவர் பேசினர். நம் காலத்தில் அவ்விடத்தைக் கலைஞர்களின் அன்பர்கள் எடுத்துக்கொண்டனர். புலவர்க்கு இருந்த சொல்வளம் அவர்களுக்கு இல்லை. தேநீர்க் கடையிலும் அச்சகத்து வாயிலிலும் திருவிழாத் திடலிலும் நின்று உரத்துப் பேசுவதே அவர்களுக்குத் தெரிந்த யாப்பு.

வழக்கின் செய்திகளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். சி.என். லட்சுமிகாந்தன் 'சினிமா தூது' என்றும் பின்னர் 'இந்து நேசன்' என்றும் இதழ் நடத்தியவர். நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்வை அச்சேற்றுவதே அவ்விதழ்களின் தொழிலாக இருந்தது. 1944 நவம்பர் 8ஆம் நாள் சென்னை வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் உயிர் துறந்தார். டிசம்பரில் பாகவதரும், நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும், கோவை பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடுவும் சதிக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டனர். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் விசாரிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். சிறையில் கழிந்தவை ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள்.

சட்டத்தின் முன் பாகவதர் குற்றமற்றவர். ஒரு வழக்கின் முதல் தீர்ப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இறுதித் தீர்ப்பை மறந்துவிடுவது ஊர் வாயின் இயல்பு. "உள்ளே போனவர்" என்னும் சொல் நிலைத்துவிட்டது. "வெளியே வந்தவர்" என்று எவரும் சொல்வதில்லை. இவ்வளவில் அன்பர்களின் சினம் நேர்மையானது. பெரியவரின் வினாவுக்கு விடை கூற இளங்கவிஞரிடம் ஒன்றுமில்லை.

ஆனால் அன்பர்கள் அத்துடன் நிற்பதில்லை. குற்றமற்றவர் என்பதிலிருந்து குறையற்றவர் என்பதற்கு ஒரே தாவாகத் தாவுகின்றனர். ஹரிதாஸ் திரையில் பெற்ற பக்தி, பாகவதரின் சொந்த வாழ்வுக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. இங்குச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நினைத்துப் பார்க்கலாம். பாண்டியன் அவையில் கண்ணகி நிறுவியது ஒன்றே ஒன்று: கோவலன் சிலம்பைக் களவாடவில்லை. மாதவியின் மனையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. கணவன் ஒழுக்கத்தில் குறையில்லை என்று வாதிடவும் இல்லை. இளங்கோவடிகளும் கோவலனின் பிழைகளை மறைக்காமல் முன்னரே சொல்லிவிட்டார். சிலம்பை உடைத்ததும் முத்துக்கு மாறாக மாணிக்கம் தெறித்தது. அவ்வழக்குக்கு அவ்வளவே போதுமானதாயிற்று. அதற்கு மேலும் ஒரு சான்றை அவள் நீட்டியிருப்பாளாயின், அரசன் அந்த இரண்டாவது சான்றைப் பற்றிக்கொண்டு முதலாவதைத் தட்டிக் கழித்திருக்கக்கூடும். பாகவதர் அன்பர்கள் நாளும் செய்துவரும் பிழை இதுவே.

இது தமிழர்க்கு மட்டும் உரிய நோயன்று. 'தி டோர்ஸ்' என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் 1969இல் மயாமி மேடையில் அநாகரிகமாக நடந்துகொண்டார் என்று வழக்குத் தொடரப்பட்டு, 1970இல் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 1971இல் பாரிசில் தம் 27ஆம் வயதில் இறந்தார். அன்பர்கள் பல்லாண்டு ஓயாது கேட்டதன் பயனாக, 2010 டிசம்பரில் ஃபுளோரிடா அரசு அவருக்கு மன்னிப்பு வழங்கியது. எஞ்சியிருந்த குழுவினரோ, செய்யாத செயலுக்கு மன்னிப்பு எதற்கு, அரசு வருத்தம் தெரிவிக்கட்டும் என்றனர். மன்னிப்பு வேறு, விடுதலை வேறு என்னும் நுட்பத்தை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பாகவதர் பெற்றது விடுதலை. நம்மவரில் பலர் அதை மன்னிப்பைப் போலக் கருதி, "போகட்டும், பாவம்" என்கின்றனர். அவ்விரக்கம் அவருக்குச் செய்யும் இழுக்கேயாகும்.

இனிக் குரலைப் பற்றிய வழக்கு. உண்மையில் இதுவே பெரிது.

மயிலாடுதுறையில் 1910இல் பிறந்து திருச்சியில் வளர்ந்த பாகவதர், எஃப்.ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சனி சபா நாடகத்தில் லோகிதாசனாகச் சிறுவயதிலேயே மேடை ஏறியவர்; மதுரை பொன்னு ஐயங்காரிடம் இசை பயின்றவர். அவர் பயின்ற மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில், தரைச் சீட்டில், குழந்தையை மடியில் வைத்திருப்பவர்க்கும் பாட்டின் சொல் விளங்க வேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் அருகிலிருந்து முழங்கும். அவற்றையும் கடந்து குரல் செல்ல வேண்டும். ஆண்களும் உச்சச் சுருதியில் பாடியது அதனால்தான். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழும் அவ்வுச்சத்தில் விளைந்ததே. (அவரும் 1933இல், 27 வயதில் மறைந்தவர். கே.பி. சுந்தராம்பாளுக்கு அவர் இழைத்த துன்பங்களை அறிந்தும் அவர் குரலைப் போற்றுவதில் அவர் அன்பர்க்குத் தயக்கம் இருந்ததில்லை. பாகவதர் அன்பர்கள் அவர்களிடம் கற்க வேண்டியது உண்டு.)

1934இல் வெளிவந்த 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ ஐம்பது பாடல்கள். அக்காலத்தில் நடிகரே காமிரா முன் நின்று பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணுக்குப் படாமல் ஒதுங்கி அமர்ந்து வாசிப்பர். நாடக மேடையின் குரலே அப்படியே படச்சுருளுக்குள் புகுந்தது. பின்னணிப் பாடல் முறை வேரூன்றியபின், ஒலிவாங்கியின் அருகில் நின்று காதில் மந்திரம் ஓதுவதுபோல் பாட முடிந்தது. அம்மென்மைக்குப் பழகிய செவிக்குக் கொட்டகைக் குரல் கூச்சலாகத் தோன்றுவதில் வியப்பில்லை. திருவிழாத் திடலில் வெடிக்க வேண்டிய வாணத்தை வீட்டுக் கூடத்தில் கொளுத்திவிட்டு, சத்தம் பெரிது என்று குறைகூறுவது போன்றது அது. இந்த ஊராருக்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

பாடல்களின் பெருமை பாபநாசம் சிவனுக்கும் ஜி. ராமநாதனுக்கும் உரியது, பாடியவர் வெறும் வாய்தானே என்று கூறுவோரும் உளர். கவிஞர்கள் கூடிய இவ்வவையில் இக்கூற்றுக்குக் கைதட்டல் கிடைக்கலாம். சிவனின் சொல்லும் ராமநாதனின் இசையமைப்பும் இன்றேல் பாகவதர் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அன்பர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது சிறுமை. ஆயினும் 'ஹரிதாஸ்' படத்துச் சாருகேசியை எண்ணிப் பாருங்கள். அவ்விராகத்தின் பெயரையே கேட்டறியாத வண்டிக்காரரும் நெசவாளரும் அதன் வளைவு நெளிவுகளோடு அதை முணுமுணுத்தனர். தாளில் இருந்த இராகத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது சொல்லைத் தேய்க்காத அந்தக் குரல். 1950இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாகவதர் பாணியில் பாடியே திரையில் அறிமுகமானார் என்பதும் கருதத்தக்கது. பின்வந்த பெரும் பாடகர் ஒருவர்க்கு நுழைவாயிலாக அமைந்த குரலை வெறும் வாய் என்பது பொருந்தாது.

அச்சாருகேசிப் பாடலில் ஒரு நகைமுரண் உண்டு. கதைப்படி ஹரிதாஸ் பெற்றோரை மறந்து, கணிகையின் மயக்கில் திளைத்திருக்கும் கட்டத்தில் பாடுவது அது. பின்னர் அவன் திருந்திப் பண்டரிநாதனின் அடியானாகிறான். பாகவதரின் ஒழுக்கத்துக்குச் சான்று கேட்டால் பிற்பாதியைக் காட்டும் அன்பர்கள், பாடச் சொன்னால் முற்பாதியைத்தான் பாடுகிறார்கள்!

'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளிவந்தது. சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று பெருமையாகச் சொல்லப்படுவது. தீபாவளியை நம்பி உண்ணும் ஊரில் இருப்போர் இக்கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதல் தீபாவளிக்குப் பாகவதர் வெளியே இருந்தார். 1945, 1946 ஆகிய இரண்டு தீபாவளிகளிலும் சிறையில் இருந்தார். தண்டனை பெற்ற ஒருவரின் படத்துக்கு மக்கள் தொடர்ந்து காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கினர். நீதிமன்றம் விடுவிப்பதற்கு முன்பே, வாதம் ஏதும் செய்யாமல், அவரைக் கைவிட மாட்டோம் என்று வரிசையில் நின்று சொன்ன செயல் அது. அவர் குணத்தைப் பற்றி அவர்கள் என்ன கருதினர் என்பது நமக்குத் தெரியாது. பாட்டு வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

சிறைதான் அவர் இசையைக் கொன்றது என்பது அன்பர்களின் மற்றொரு வாதம். இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. அதே சிறையிலிருந்து அதே தீர்ப்பால் வெளிவந்த கலைவாணர், 'நல்லதம்பி', 'மணமகள்' என்று மீண்டும் எழுந்தார். பாகவதரின் 'ராஜமுக்தி'யும் 'அமரகவி'யும் 'சியாமளா'வும் முன்னைய வரவேற்பைப் பெறவில்லை. இடைப்பட்ட காலத்தில் கொட்டகையின் செவி மாறிவிட்டது. 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி' என வசனம் பாட்டின் அரியணையில் ஏறி அமர்ந்தது. கலைவாணரின் கலை பேச்சைச் சார்ந்தது. ஆகவே அவருக்குப் புதிய காலத்தில் இடம் இருந்தது. இந்த உண்மையைச் சொல்வதால் பாகவதர் சிறுமையடையார். சிறை அவரிடமிருந்து அவர் காலத்தின் கடைசி ஆண்டுகளைப் பறித்துக்கொண்டது என்பதே சரியான குற்றச்சாட்டு, அதுவே கொடியது. 1959 நவம்பர் 1ஆம் நாள் அவர் மறைந்தார். கடைசிப் படமான 'சிவகாமி' அதற்கு மறு ஆண்டுதான் திரைக்கு வந்தது.

இதே சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாசைப் பேசாமல் இவ்வுரையை முடித்தல் தகாது. மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு இணைந்து நடிக்க மறுத்த நடிகையர் இருந்தனர். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனக் காட்சியில் வெள்ளைக் கொக்கை வெள்ளையராக்கிப் பாடியமைக்குக் காவலர் மேடைக்கே வந்தனர். சிறை அவருக்கு மீண்டும் மீண்டும் வாய்த்தது. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கையில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. அவரைத் 'தியாகி' என்று அழைக்கிறோம்; திருமங்கலத்தில் நினைவில்லம் இருக்கிறது. அனைத்தும் தக்கவையே. ஆனால் அவர் எந்தச் சுருதியில் பாடினார், எந்த இடத்தில் சொல்லை நீட்டினார், விடியும் வரை கூட்டத்தை எதைக் கொண்டு அமர்த்தி வைத்தார் என்று இவ்வூரில் எவரைக் கேட்டறிவது? குணத்தைக் காத்தவர்கள் குரலைக் கைநழுவ விட்டனர். பாகவதருக்கு இசைத்தட்டுகள் துணை நின்றன. தாசுக்கு அத்தகைய துணையாக இருந்த செவிகளெல்லாம் மண்ணாகிவிட்டன.

மூன்றாம் மாதக் கூட்டத்துக்கு அந்தப் பெரியவர் வந்தார். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. துணிப்பையிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்தார். பெட்டியைத் தூக்கி வந்தவர் அவருடைய பேரன். ஊசி இரண்டு இடத்தில் துள்ளியது. இளங்கவிஞர் முதல் வரிசையில் அமர்ந்து கேட்டார். முடிந்ததும், "இன்னும் சத்தமாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் ஒரு சொல்கூட மழுங்கவில்லை" என்றார். பெரியவர் தட்டைத் திருப்பி மறுபக்கத்தை வைத்தார்.