முதலில் போட்ட பணம் யாருடையது?



ஜொகூரில் தெப்ராவ் நெடுஞ்சாலையில் விடியற்காலை நான்கரை மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் தெற்கு நோக்கி ஓடத் தொடங்கிவிடும். மவுண்ட் ஆஸ்டின், ஜொகூர் ஜெயா, டேசா தெப்ராவ், உலு திராம் என்று பல வட்டாரங்களிலிருந்தும் பிள்ளைகள் கிளம்பி வருகிறார்கள். சிலர் மழைக்கோட்டுக்குள் கடப்பிதழைப் பத்திரப்படுத்திக்கொண்டு சிங்கப்பூருக்குக் கோஸ்வேயைக் கடக்கிறார்கள். மற்றவர்கள் இங்கேயே தெப்ராவ் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போகிறார்கள்.

இவர்களில் பலருக்கு மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னும் எத்தனை வருஷம் இப்படி? நமக்கென்று ஒரு தொழில் வேண்டாமா? வீட்டில் வாய் திறந்து சொன்னால் பெரியவர்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. "மாசம் பொறந்தா சம்பளம் வருதுப்பா, அதையும் விட்டுட்டு என்ன செய்யப்போற?" என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் நான் பிள்ளைகளின் பக்கம்தான் பேச வந்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

1973 மே மாதம் வரை நம் மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக மாறின. இன்று அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நாம் மூன்று வெள்ளிக்கு மேல் கொடுக்கிறோம். இந்த வித்தியாசம்தான் நம் பிள்ளைகளைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இழுக்கிறது. போகட்டும், அது நேர்மையான சம்பாத்தியம். ஆனால் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்யும் மலேசியருக்கு அங்கே சேமநிதி சேர்வதில்லை. கையில் வருவது பெரிதாகத் தெரியும். முதுமைக்கென்று ஒதுங்குவது ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் தொழிற்சாலையில் சேமநிதி உண்டு, தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ உண்டு. ஆனால் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வாடகை, மோட்டார் தவணை, பிள்ளைக்குப் பால்மாவு எல்லாம் போக அதில் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே, சொந்தத் தொழில் வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்பதைப் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன்.

என் கவலை வேறு. அந்தத் தொழிலில் முதன்முதலாகப் போடும் பணம் யாருடையது? அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தெப்ராவுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1844-ஆம் ஆண்டு டான் கீ சூன் என்ற சீனத் தலைவர் தெப்ராவ் ஆற்றங்கரையில் ஒரு குடியேற்றத்தைத் திறந்தார். கங்கார் தெப்ராவ் என்று அதற்குப் பெயர். காட்டை வெட்டி, கம்பீரும் மிளகும் பயிரிட்டார்கள். கடுமையான உழைப்பாளிகள். நிலத்தில் பயிர் செய்யும் உரிமை இருந்தது, துணிச்சலும் இருந்தது. ஆனால் அரிசிக்கும் கருவிக்கும் கூலிக்கும் வேண்டிய முன்பணம் சிங்கப்பூர் முதலாளியான தவுக்கேயிடமிருந்து வந்தது. முன்பணம் கொடுத்தவரிடமே விளைச்சலைக் கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். உழைத்தது ஆற்றங்கரையில், விலை முடிவானது பாலம் இல்லாத அந்தக் காலத்திலும் அக்கரையில். இப்படிப்பட்ட ஆற்றங்கரைக் குடியேற்றத்தின் தலைவரைக் கங்சூ என்பார்கள். 1917-இல் அந்தக் கங்சூ முறையையே சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

கம்பீருக்குப் பின் இந்த மண்ணில் ஓங்கியது ரப்பர். நம் பாட்டன் பூட்டன்கள் பால்மரம் வெட்டினார்கள். தெப்ராவ் தோட்டத் தமிழ்ப்பள்ளி அந்தத் தோட்டத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. தோட்டத்தில் லயத்து வீடு துரை கொடுத்தது, வேலை மண்டோர் கொடுத்தது, சாமான் கடையில் பற்று. சம்பள நாளில் கடைக்காரருக்குக் கொடுத்தது போக மீதிதான் வீட்டுக்கு. இப்படி மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்தில், முதல் போடுவது எப்படி, சரக்குக்கு விலை வைப்பது எப்படி, கணக்குப் புத்தகம் எழுதுவது எப்படி என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க யார் இருந்தார்கள்? "நம்ம ஆளுங்களுக்கு வியாபாரம் வராது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வராமல் இல்லை. கற்கும் இடம் நமக்குக் கிடைக்கவில்லை.

இதை நான் வெறும் ரோஷத்தில் சொல்லவில்லை. மெர்டேக்காவுக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்னும் வேதனையோடு சொல்வது இதைத்தான். தொழிலாளிக்கு வேலை போனபோதே வீடும் போனது. அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் ஒன்று கேட்டார். மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நூறு வெள்ளி ஆனதும் ஒரு பங்கு உங்களுடையது, எல்லோரும் சேர்ந்து தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கியது. பிறகு இன்னும் பல தோட்டங்கள் சேர்ந்தன.

அன்றைய பத்து வெள்ளியை இன்றைய பத்து வெள்ளியாக நினைத்துவிடாதீர்கள். நாள் முழுக்கப் பால் வெட்டிச் சில வெள்ளி வாங்கிய காலம் அது. பிள்ளைக்குச் சட்டையும் தீபாவளிப் பலகாரமும் அந்தப் பத்து வெள்ளிக்குள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்கள். கூலி வாங்கிய கையே தோட்டத்தில் பங்குதாரர் ஆனது. காரணம், முதலில் போட்ட பணம் அவர்களுடையது.

சரி, இன்றைய தெப்ராவுக்கு வருவோம். ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. கை வேலை தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர் வீடுகளில் ஏர்கோன் சர்வீஸ் செய்கிறான். தாமான் நிறைய வீடுகள், வெயிலுக்குக் குறைவில்லாத ஊர், வீட்டுக்கு இரண்டு மூன்று ஏர்கோன். நல்ல தொழில்தான்.

அவன் வேலை செய்வதைக் கிட்ட நின்று பார்த்தால் தெரியும். மூடியைக் கழற்றி, இயந்திரத்துக்கு அடியில் ஒரு கான்வாஸ் பையைத் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிடுவான். உள்ளே சுழலும் உருளையில் மாதக்கணக்காகப் படிந்த அழுக்கைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவான். பையின் குழாய் வழியாகக் கன்னங்கரேல் என்று தண்ணீர் வாளியில் இறங்கும். மூடியை மாட்டி, சுவிட்சைத் தட்டி, காற்று வரும் இடத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பான். வீட்டுக்கார அம்மா, "குளிரலைன்னா கேஸ் ஊத்திடு தம்பி" என்பார். கேஸ் எரிந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. கசிவைத் தேடாமல் கேஸ் நிரப்பிக் காசு வாங்கிப் போவது சுலபம், இரண்டு மாதத்தில் மறுபடியும் அழைப்பும் வரும். நல்ல பிள்ளை சோப்புத் தண்ணீர் தடவி, இணைப்புகளில் குமிழ் வருகிறதா என்று பார்த்து, இடத்தைக் காட்டிச் சொல்வான். மனத்துக்குப் பிடித்த வேலை என்று பிள்ளைகள் தேடுகிறார்களே, அது இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். தன் பெயரில், தன் பொறுப்பில், சரியாகச் செய்யும் வேலை.

இப்போது கணக்கு. ஒரு சர்வீஸுக்கு 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், டோல், மருந்து, பம்பு தேய்மானம் என்று 30 போகட்டும். மிச்சம் 70. "ஒரு மணி நேரத்தில் எழுபது வெள்ளி!" என்று தம்பி துள்ளுவான். பொறு தம்பி. போக வர, வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல, கருவிகளைக் கழுவிக் காய வைக்க ஆன நேரத்தை எங்கே எழுதினாய்? இன்னொன்றும் இருக்கிறது. 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு சேமநிதி கட்டுகிறார், அது 221 வெள்ளி. ஆக, நீ விடப்போவது 1,700 இல்லை, 1,921. அதை ஈடுகட்ட மாதம் 28 வீடுகள் வேண்டும். மருத்துவ விடுப்பும் வருடாந்திர விடுப்பும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

இதைச் சொல்வது அவனைப் பயமுறுத்த அல்ல. 28 என்ற அந்த எண் கையில் இருந்தால், எப்போது வேலையை விடலாம் என்று அவனே முடிவு செய்யலாம். அதுவரை தொழிற்சாலைச் சம்பளம் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை 70 வெள்ளிகளைத் தனிக் கணக்கில் போட்டு அதிலிருந்தே பம்பும் ஏணியும் வாங்கட்டும். வெளிவேலை செய்ய வேலை ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்று முதலிலேயே படித்துவிட வேண்டும்.

பல பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கடன், வேன், வேனில் ஸ்டிக்கர். வாடிக்கையாளர் பிறகு. வங்கி மறுத்தால் சட்டவிரோத வட்டிக்காரரான ஆலோங்கிடம் போகிறார்கள். அந்தக் கதவைத் தட்டவே தட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முன்பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே வட்டியைப் பிடித்துக்கொள்பவர்கள் அவர்கள். கூட்டு, அதாவது சீட்டு, பிடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டுப் பிடிப்பதை வியாபாரமாக நடத்துவது குற்றம். நடத்துபவர் ஓடிவிட்டால் வீட்டுப் பெண்கள் சேர்த்த பணத்துக்கு நாதியில்லை.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1987-இல் தொடங்கிய அமானா இக்தியார், வங்காளதேசத்து கிராமின் வங்கியின் வழியில், ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுத்து வருகிறது. 1998-இல் தொடங்கிய தெக்குன் நேஷனலில் இந்திய சமூகத்துக்கென்று ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. 2024-இல் அதன் கடன் வரம்பை 1 லட்சம் வெள்ளி வரை நீட்டினார்கள். போய்க் கேளுங்கள், அது நம் உரிமை. ஆனால் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஆறு மாத வங்கிக் கணக்கில் ஞாயிறுதோறும் வரவு விழுந்திருந்தால், நீங்கள் ஆசையைச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. நடக்கிற தொழிலைக் காட்டிக் கேட்கலாம்.

பதிவும் பெரிய வேலை இல்லை. எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். தெரிந்த கைத்தொழிலுக்குச் சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம். பல ஆண்டு வேலை அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்கேஎம் திறன் சான்றிதழ் தரும் வழி மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையில் உண்டு. சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் திட்டத்தில் நாமாகவே போட்டால் அரசாங்கமும் கொஞ்சம் சேர்க்கிறது. சொக்சோ எனப்படும் பெர்கேசோவின் சுயதொழில் காப்புறுதி 2017-இல் டாக்சி ஓட்டுநர்களோடு தொடங்கிப் பிறகு மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. இரண்டாவது மாடியில் ஏணி வைத்து நிற்கும் பிள்ளைக்கு அது மிகவும் தேவை.

கடைசியாக, தம்பியின் தொழில் நன்றாக ஓடி, உதவிக்கு ஒரு பையனைச் சேர்க்கும் நாள் வரும். ஏணி பிடிக்கவும் வாளி தூக்கவும் அதே தாமானில் இருந்து வரும் பையன். "கத்துக்கிறான்ல, கைச்செலவுக்குக் கொடுத்தா போதும்" என்று நினைக்கத் தோன்றும். வேண்டாம் தம்பி. 2025 ஆகஸ்டு முதல், ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கும் 1,700 வெள்ளிச் சட்டம் பொருந்தும். ஒரே ஒரு ஆள் இருந்தாலும் சேமநிதியும் சொக்சோவும் கட்ட வேண்டும், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள். அவன் சம்பளத்தையும் அந்த 1,921-உடன் சேர்த்துப் போட்டு, வீடுகளின் எண்ணிக்கையை மறுபடி கணக்கிட்ட பிறகு அவனைக் கூப்பிடு.