பிள்ளைகளுக்கு ஒரு முற்றம்

(வார இறுதி வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, பிரியாணிப் பொட்டலம் எப்போது வரும் என்று பின்வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகளே!

எங்கள் இளைஞர் பிரிவில் பெரும்பாலோர் கடைக்காரர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் வாங்கிவிட்டு, வாப்பாவின் கடைக்கே திரும்பி வந்தவர்கள். எங்களுக்கு மேடைப் பேச்சு அவ்வளவாக வராது. ஒரு கணக்கைச் சொல்லி, ஓர் உதவியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

நமது கட்டடத்தின் பின்புறம் நான்கு கார்கள் நிற்கும் இடம் இருக்கிறது. ஒரு கார் நிறுத்துமிடம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். நான்கும் சேர்ந்தால் ஏறத்தாழ 46 சதுர மீட்டர். வீவக மூவறை வீட்டைவிடச் சிறிய இடம்தான். பொன்விழாவை முன்னிட்டு அங்கே நிரந்தரக் கூரை போட்டு விருந்துக்கூடம் ஆக்கலாம் என்பது ஒரு யோசனை. சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு முற்றமும் தோட்டமுமாக ஆக்கலாம் என்பது எங்கள் யோசனை. அடுத்த மாதப் பொதுக்கூட்டம் முடிவு செய்யப்போகிறது.

எங்கள் வயதுக்காரர்கள் புளோக்கின் கீழே மணலில் விளையாடியவர்கள். தோ பாயோவில் இன்றும் நிற்கும் டிராகன் விளையாட்டுத் திடல் 1979இல் கட்டப்பட்டது. வீவகவில் பணியாற்றிய கோர் இயான் கீ அதை வடிவமைத்தார். 1990களில் பல திடல்களில் மணல் போய் ரப்பர் தரை வந்தது. விழுந்தால் அடி குறைவு, சுத்தம் செய்வதும் எளிது. அதில் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ரப்பர் தரையில் பிள்ளைகள் குழி தோண்ட முடியாது.

டென்மார்க்கில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர் ஒன்றைக் கவனித்தார். அழகாக அமைத்த திடல்களை விட்டுவிட்டு, பிள்ளைகள் கட்டுமான இடங்களில் கிடக்கும் பலகையையும் செங்கல்லையும் தேடிப் போனார்கள். அவருடைய யோசனைப்படி 1943இல் கோப்பன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில், பழைய சாமான்களை வைத்துப் பிள்ளைகளே கட்டிக் கலைத்து விளையாடும் திடல் ஒன்று திறக்கப்பட்டது. அதை முன்னமே படித்திருந்தால் எங்களுக்குப் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

ஏனென்றால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் சங்கம் சோதனையாக ஒரு கார் நிறுத்துமிடத்தைக் கொடுத்தபோது நாங்கள் தோற்றுப்போனோம். வரைபடம் போட்டோம், பிள்ளைகளைக் கேட்கவில்லை. பாத்தியை ஒன்றரை மீட்டர் அகலத்தில் கட்டினோம். கை எட்டாத பிள்ளைகள் உள்ளே இறங்கி மிதித்தார்கள். மிதிக்காமல் இருக்க வேலி போட்டு, ‘தொடாதே’ என்று பலகை மாட்டினோம். சுவரின் நிழலில் வெண்டை நட்டோம், காய்க்கவில்லை. மழைநீர் பிடிக்க வைத்த பீப்பாயை மூட மறந்தோம். ஏடிஸ் கொசுவின் முட்டை நம் வெயிலில் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். வகுப்போ வாரத்தில் ஒரு நாள். புழு நெளிவதைப் பார்த்ததும் உஸ்தாதே பீப்பாயைக் கவிழ்த்தார். டிசம்பர் விடுமுறையில் மிச்சச் செடிகளும் காய்ந்தன.

இரண்டாம் முறை, பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்தோம். அவர்கள் கேட்டவை: ஒளிந்துகொள்ள ஓர் இடம், சேறு, பூனைக்கு ஒரு வீடு. பூனை வீட்டைத் தவிர மற்றவற்றைச் செய்தோம். சுவரோரம் பாத்தியை 60 சென்டிமீட்டராகக் குறைத்தோம். எட்டு வயதுப் பிள்ளையின் கை கடைசிச் செடிவரை எட்டுகிறது. சக்கர நாற்காலி போக 1.2 மீட்டர் வழி விட்டோம். வெயில் விழும் முனையில் கறிவேப்பிலை, வெண்டை, கங்கோங். நிழலில் பாண்டான், வெற்றிலை. மூடியுள்ள மரப்பெட்டியில் மண், கூடவே கடையில் விற்காமல் கிடந்த சட்டி, கரண்டிகள். நன்னிமார் உட்கார ஒரு பெஞ்சு. பீப்பாய்க்குப் பதிலாக, உளூ செய்யும் நீரை வாளியில் பிடித்து அன்றன்றே ஊற்றுகிறோம். அந்த நீரால் மறுபடி உளூ செய்யக் கூடாதே தவிர, செடிக்கு ஊற்றத் தடையில்லை என்று உஸ்தாது சொன்னார்.

வகுப்பில் ஒரு பையன், வயது ஒன்பது. தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வான். ஒரு நாள் கறிவேப்பிலையைப் பச்சைப் புழு தின்றுகொண்டிருந்தது. பெஞ்சிலிருந்த நன்னி ஒருவர் அதைக் கிள்ளியெறியக் கை நீட்டினார். “நன்னி, வேணாம்! அது பட்டாம்பூச்சி ஆவும்!” என்று அவன் கத்தினான். அடுத்த வாரம் வகுப்பில் மறுபடி ஆங்கிலம்தான். ஆனால் அந்தக் கூட்டுப்புழு என்ன ஆனது என்று நன்னிக்குச் சொல்ல அவனுக்குத் தமிழ் தேவைப்பட்டது. அவருக்கு ஆங்கிலம் வராது. தட்டுத் தடுமாறிச் சொன்னான். நன்னி திருத்தித் திருத்திக் கேட்டார்.

ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அதுவும் அவருக்குத் தர்மம் என்னும் நபிமொழி நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். “புழு தின்றாலும் ஸதக்காவா, உஸ்தாது?” என்று அன்று ஒரு சிறுமி கேட்டாள். உஸ்தாது சிரித்துவிட்டு அந்த நபிமொழியை முதலிலிருந்து விளக்கினார். அன்றைய பாடம் வெளியில்தான் நடந்தது.

இனிப் பெரியவர்களின் கேள்விகள். நோன்புக் கஞ்சி அண்டாவை எங்கே வைப்பது? நியாயமான கேள்வி. பாத்திகள் சுவரோரம் மட்டுமே. நடுவில் 5 மீட்டருக்கு 4 மீட்டர் வெறும் தரை இருக்கும். மேலே சுருட்டக்கூடிய கேன்வாஸ் கூரை. அண்டா அங்கேதான், விருந்து மேசைகளும் அங்கேதான். மழை பலமாக அடித்தால் கேன்வாஸ் தாங்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு மண்டபத்துக்குள்தான் பரிமாற வேண்டும்.

வண்டிகள் எங்கே போகும்? இப்போது அங்கே நிற்கும் மூன்று வண்டிகளில் இரண்டு எங்களுடைய சரக்கு வேன்கள். அவை முதலில் வெளியேறும். நடக்க முடியாத பெரியவர்களை முன்வாசலில் இறக்கி உள்ளே அழைத்துப்போக, ஜும்ஆ நாளில் எங்களில் இருவர் நிற்போம்.

கடைசியாக, நாங்கள் கேட்க வந்தது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபின் வீவக பேட்டைகளில் பல தோட்டங்கள் உருவாயின. செழித்து நிற்கும் சில தோட்டங்களுக்குப் போய் விசாரித்தோம். செடியைப் பற்றிக் கேட்டால், ஆளைப் பற்றித்தான் சொன்னார்கள்: விடுமுறையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்றார்கள். ஆண்டுக்கு 52 வாரம். 26 குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு இரண்டே வாரம். ஜூனும் டிசம்பரும் ரமளானும் அதற்குள் அடக்கம். இதுவரை 11 குடும்பங்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. இன்னும் 15 வேண்டும்.

26 பெயர் சேராவிட்டால் பொதுக்கூட்டத்தில் எங்கள் யோசனையை நாங்களே திரும்பப் பெற்றுக்கொள்வோம். கூரைக்கே கை தூக்குவோம். காய்ந்த பாத்தியைப் பிள்ளைகளுக்கு இரண்டாம் முறை காட்ட எங்களுக்கு மனமில்லை.

பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறோம்.