ஜெனீவாவில் மூன்று வாரங்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னர் பேசியோர் மருத்துவம், பொறியியல், ஆட்சிப்பணி ஆகிய படிப்புகளைப் பற்றி எடுத்துரைத்தனர். எனக்குத் தரப்பட்ட பொருள் சற்றே அயலானது. நாடுகளுக்கிடையே போர் மூளாமற் காப்பது எங்ஙனம், ஒரு நாட்டின் சார்பில் மற்றொரு நாட்டோடு பேசுவது எங்ஙனம் என்பதை நான் ஒரு கோடையில் ஜெனீவா நகரில் பயின்றேன். அதனைக் கூறுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். நான் மேடையேறும்போது, "இது நமக்கு எதற்கு?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறவே முயல்கிறேன்.

கோடைப் பள்ளி என்றதும் சிறுவர் முகாம் என்று எண்ணிவிடலாகாது. ஐரோப்பியப் பல்கலைக் கழகங்கள் விடுமுறை விடும் சூலை, ஆகஸ்டு மாதங்களில், பட்டம் பெற்றவர்களைப் பல நாடுகளிலிருந்தும் வரவழைத்துச் சில வாரங்கள் கடுமையாகப் பயிற்றுவிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். நெதர்லாந்தின் ஹேக் நகரில், அமைதி மாளிகையில், பன்னாட்டுச் சட்டத்திற்கான கோடை வகுப்புகள் 1923இல் தொடங்கின. சர்வதேச சங்கம் இயங்கிய ஜெனீவாவில், ஆல்பிரட் சிம்மர்ன் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இத்தகைய வகுப்புகளை நடத்தினார். போரை ஒழிக்க வேண்டுமாயின் போரைப் படிக்க வேண்டும் என்ற எண்ணம், முதல் உலகப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறைக்கு இயல்பாகவே எழுந்தது.

காலை வகுப்புகளில் ஐக்கிய நாடுகள் சாசனத்தைப் படித்தோம். அதில் 111 உறுப்புகள் உள்ளன. பிற நாட்டின் மீது படைபலத்தைப் பயன்படுத்தலாகாது என்கிறது 2ஆம் உறுப்பு. தாக்கப்பட்டால் தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது 51ஆம் உறுப்பு. கடந்த எண்பது ஆண்டுப் போர்களுள் பெரும்பாலானவற்றின் வாதங்கள் இவ்விரண்டு உறுப்புகளுக்கிடையே ஊசலாடுகின்றன. படையெடுத்த நாடும் "தற்காப்பு" என்றே சொல்லும். பாதுகாப்புச் சபையின் 15 உறுப்பினருள் ஐவருக்கு மட்டும் மறுப்புரிமை உண்டு என்பது நீங்கள் அறிந்ததே. அதனை நான் விரிக்கவில்லை.

நான் உண்மையில் பாடம் கற்றது பிற்பகல் பயிற்சியில்தான். மாணவர்களை நாடுகளாகப் பிரித்து ஒரு மாநாட்டை நடத்தச் செய்வார்கள். எடுத்துக்கொண்டது, அணுகுண்டுச் சோதனைகளை முற்றிலும் தடை செய்யும் உடன்படிக்கை. இது 1994 முதல் 1996 வரை ஜெனீவாவின் ஆயுதக் குறைப்பு மாநாட்டில் பேசப்பட்டது. சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் கிடைத்த நாடு பாகிஸ்தான்! இந்தியாவாகப் பேச எனக்கு வாய்த்திருந்தால் உள்ளம் குளிர்ந்திருக்கும். மாறாக, இரண்டு இரவுகள் கண்விழித்து, எதிரணி ஏன் அவ்வாறு அஞ்சுகிறது, எதை விட்டுக்கொடுக்கும், எதை விடாது என்று படிக்க நேர்ந்தது. பிறர் கண்ணால் நம் நாட்டைப் பார்ப்பது எளிதன்று. முதல் நாள் எனக்கு நா எழவில்லை.

அந்த மாநாட்டில் வாக்கெடுப்பு இல்லை. எல்லோரும் இசைந்தால்தான் முடிவு. ஒரே நாடு மறுத்தாலும் எதுவும் நகராது. உடன்படிக்கை எப்போது நடைமுறைக்கு வரும் என்பதைக் கூறும் பிரிவில், பெயர் குறிப்பிட்ட 44 நாடுகளும் ஏற்றாக வேண்டும் என்று எழுதியிருந்தனர். அப்பட்டியலில் இந்தியாவும் இருந்தது. தான் ஒப்புக்கொள்ளாத ஒன்றைத் தன் தோளில் ஏற்றுவதாக இந்தியா கருதியது. நம் தூதர் அருந்ததி கோஷ் அம்மையார் 1996இல் அதனை உறுதியாக மறுத்தார். பின்னர் அவ்வாசகத்தைப் பொதுச் சபைக்குக் கொண்டுசென்று நிறைவேற்றினர்; ஆதரவு 158, எதிர்ப்பு 3. எனினும் அந்தப் பிரிவின் காரணமாகவே உடன்படிக்கை இன்றளவும் நடைமுறைக்கு வரவில்லை. அம்மையார் மறுத்தது சரியா தவறா என்று எங்கள் வகுப்பில் இரவு உணவு வரை சண்டையிட்டோம். ஒரு பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதன் விலை என்ன என்பது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது.

இனி, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

மூன்றாம் நாள் உணவு வேளையில், நம் நாட்டிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர் என் குடும்பப் பெயரைக் கேட்டார். தந்தை பெயரின் முதலெழுத்தைச் சொன்னேன். ஊரைக் கேட்டார், சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். ஏழாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தும் தெரு என்னுடன் வந்திருந்தது.

அதே வாரம் நூலகத்தில், இனப் பாகுபாடுகள் அனைத்தையும் ஒழிக்கும் 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையை எடுத்துப் படித்தேன். இனம், நிறம் ஆகியவற்றை அடுத்து, அதன் முதல் உறுப்பிலேயே 'டிசென்ட்' என்னும் சொல் இருக்கிறது. பிறந்த வழிமரபு என்பது அதன் பொருள். அச்சொல்லைச் சேர்க்குமாறு முன்மொழிந்தது யார் தெரியுமா? இந்திய நாடே! 1968இல் இந்தியா அவ்வுடன்படிக்கையை ஏற்றும்கொண்டது. ஆனால் பிற்காலத்தில், அச்சொல் இனத்தையே குறிக்கும், சாதியைக் குறிக்காது என்று நம் அரசு வாதிட்டது. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 1996இல் அதனை ஏற்கவில்லை. 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநாட்டில் நம் அமைப்புகள் இக்கோரிக்கையை உலகின் முன் வைத்தன, அரசு எதிர்த்தது. மறு ஆண்டே அக்குழு, வழிமரபு என்பதில் சாதியும் அடங்கும் என்று 29ஆம் பொதுப் பரிந்துரையில் எழுதிவிட்டது.

அச்சொல்லை முன்மொழிந்த நாளில் அந்த அறையில் நம்மவர் எவரேனும் இருந்தனரா? இருந்திருந்தால் அதன் பொருளையும் அப்போதே எழுதி வாங்கியிருப்பார் என்று நான் எண்ணுவதுண்டு.

நம்மவர் இத்துறைக்கு முற்றிலும் புதியவரும் அல்லர். அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் இலண்டன் வட்டமேசையில் அமர்ந்து வாதாடினர். கேரளத்தில் ஓர் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்த கே. ஆர். நாராயணன் 1949இல் அயல்நாட்டுப் பணியில் சேர்ந்தார். சீனாவில் பதினைந்து ஆண்டுகளாக இந்தியத் தூதர் இல்லாதிருந்த நிலையில், 1976இல் அப்பதவிக்கு அனுப்பப்பட்டவர் அவரே. பின்னர் அவர் குடியரசுத் தலைவரானதை மட்டுமே நாம் நினைவிற் கொண்டிருக்கிறோம்.

மாணவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். இத்தகைய பள்ளிகள் பலவும் குளிர்காலத்திலேயே விண்ணப்பங்களைக் கோருகின்றன. கடவுச்சீட்டு கையில் இல்லாதவர் அப்போதே பின்தங்கிவிடுவார். ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். அதில் வறுமையை மட்டும் எழுதாதீர்கள். ஓர் உடன்படிக்கையைப் படித்து அதில் எழுந்த ஐயத்தை எழுதுங்கள். ஆங்கிலம் வேண்டும், பிரெஞ்சும் சிறிது தெரிந்தால் நன்று. கட்டணச் சலுகை கிடைத்தாலும் பயணச் செலவு பெரும்பாலும் நம்மையே சாரும். மைய அரசு பட்டியல் இனத்தவர்க்கு வழங்கும் அயல்நாட்டு உதவித்தொகை முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகளுக்கானது. சில வாரப் பயிற்சிக்கு அது உதவாது. எனக்கு விமானக் கட்டணத்தைக் கைமாற்றாகத் தந்தது இச்சங்கம். இரண்டு ஆண்டுகளில் தவணையாகத் திருப்பிச் செலுத்தினேன். பற்றுச்சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன், பொருளாளர் ஐயா கணக்குச் சரிபார்க்கலாம்!

ஐக்கிய நாடுகள் சாசனத்தின் படி ஒன்றையும், நான் குறிப்பிட்ட 1965ஆம் ஆண்டு உடன்படிக்கையின் படி ஒன்றையும் கொண்டுவந்து நம் சங்க நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறேன். முதல் உறுப்பில் அச்சொல்லின் அடியில் பென்சிலால் கோடிட்டிருக்கிறேன். நூலகர் பொறுத்தருள வேண்டும்.