கடலாராய்ச்சிக் கூடத்தில் நமக்கென்ன வேலை?

(கரவனெல்லையில் தோட்ட இளைஞர்களும் ஆசிரியர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கடலாராய்ச்சி நிலையங்கள் பொதுமக்களுக்கு வாயில் திறக்கும் நாளில், நம் தோட்டத்து இளைஞர்கள் தொண்டர்களாகச் சென்று நிற்க வேண்டும் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்கும் வேண்டுகோள். இதைக் கேள்வியுற்ற நண்பர் சிலர், "இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன் பிள்ளைக்குக் கடல் மீனோடு என்ன உறவு? மீனவர் ஊரில் பேச வேண்டிய பேச்சை மலையடிவாரத்தில் பேசலாமா?" என்று கேட்டனர். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறவே வந்திருக்கிறேன்.

வாயில் திறக்கும் நாள் என்றால் என்ன? ஆராய்ச்சி நிலையம் மக்கள் பணத்தில் நடப்பது. ஆயினும் ஆண்டு முழுவதும் மக்கள் அதன் மதிலைத்தான் காண்கிறார்கள். உள்ளே கண்ணாடித் தொட்டிகள் உண்டு, நுண்நோக்கிகள் உண்டு, நீரையும் மீனையும் சோதித்து எழுதிய ஏடுகள் உண்டு. ஆண்டில் ஒரு நாள் அந்தக் கதவைத் திறந்து, "உள்ளே வாருங்கள், பாருங்கள், கேளுங்கள்" என்று அழைப்பதே அந்த நாளின் பொருள்.

தமிழ்நாட்டிலே மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டு பெப்ரவரி 3-ஆம் நாள் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் 1949-இல் மண்டபத்துக்கு வந்தது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குச் சென்ற பின்னரும் மண்டபத்து நிலையம் தொடர்ந்து இயங்குகிறது. நிறுவன நாளையொட்டித் தன் நிலையங்களை மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் திறந்துவிடுவது அந்நிறுவனத்தின் வழக்கம். ஓர் இணை கடற்பசுக்களை 1959 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் பேணி வளர்த்துக் குறிப்பெழுதிய இடம் அது. 2010-ஆம் ஆண்டில், இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல்விரால் மீனைக் கூடத்தில் இனம்பெருகச் செய்த இடமும் அதுவே. இவற்றைப் பள்ளிச் சிறுவனும் பாமரத் தாயும் நேரே நின்று காணலாம் என்பது சிறிய காரியமா?

மண்டபம் என்ற பெயரைக் கேட்டதும் இங்கே சில பெரியவர்கள் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். அறிவேன். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், இத்தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன் பாட்டியரிற் பலர் அந்த மண்டபம் முகாமின் வழியாகவே வந்தனர். அங்கே அவர்களை நாட்கணக்கில் அடைத்து வைத்தார்கள், அம்மை குத்தினார்கள், எண்ணிக் கணக்கெடுத்து அனுப்பினார்கள். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, பிறந்த மண்ணை விட்டுப் பெயர்க்கப்பட்டோர் போய் இறங்கியதும் அப்பக்கமே. 1983-க்குப் பின் அகதிகளாகச் சென்றோர் தங்கியதும் அங்கேதான். அந்த ஊரிலே நம்மவர் சோதிக்கப்படும் பொருளாக நின்றார்கள், சோதிப்பவராக நின்றதில்லை. அதே ஊரில் இன்று அறிவின் கதவு திறக்கும்போது, அங்கும் அதுபோன்ற பிற இடங்களிலும் நம் பிள்ளைகள் விளக்கம் சொல்லும் இடத்தில் நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது பிழையா?

தோழர்களே! அறிவு மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தீவின் வரலாற்றிலேயே சான்று உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை ஆராய, 1902-இல் ஹேர்ட்மன் என்ற பேராசிரியர் இங்கே வந்தார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக லண்டனில் வெளியாயிற்று. அருமையான ஆராய்ச்சி, மறுப்பாரில்லை. ஆனால் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்த தமிழனும் முஸ்லிமும் அதில் ஒரு பக்கத்தையேனும் படிக்க வழி இருந்ததா? 1906-இல் முத்துப் பார்களை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது அரசாங்கம். 1907-க்குப் பிறகு சிப்பி அகப்படவில்லை. 1912-இல் கம்பெனியும் கலைந்தது. ஏன் குத்தகைக்கு விட்டீர்கள், பார்களின் நிலை என்ன, அறிக்கை என்ன சொல்கிறது என்று கேட்கத் தக்க ஒரு குரல் கரையோரத்தில் எழ வழியிருக்கவில்லை. ஆராய்ச்சி ஆள்வோருக்காக எழுதப்பட்டது. உழைப்போர் காதில் அது விழவில்லை.

இதற்கு நேர்மாறான பாதையைக் காட்டியவரும் உண்டு. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரிலே கடலாராய்ச்சி நிலையம் கண்ட அன்டன் டோர்ன், 1874-இல் அந்நிலையத்தின் மீன் காட்சிசாலையைப் பொதுமக்களுக்குத் திறந்தார். பார்க்க வந்தோர் தந்த நுழைவுக் காசு ஆராய்ச்சிச் செலவுக்குத் துணையாயிற்று. மக்கள் வந்து போவதால் ஆராய்ச்சி கெடும் என்று அவர் அஞ்சவில்லை. மக்களையே துணையாக்கிக் கொண்டார்.

இனி, நமக்கும் கடலுக்கும் உள்ள உறவுக்கு வருகிறேன். சிவனொளிபாத மலைச் சாரலில் பிறந்து, கித்துல்கலையையும் எட்டியாந்தோட்டையையும் கடந்து, நம் கரவனெல்லையைத் தொட்டு, ருவன்வெல்லையில் குருகொட ஓயாவையும் சேர்த்துக்கொண்டு, அவிசாவளை, ஹங்வெல்ல, கடுவெல வழியாக ஓடும் களனி கங்கை எங்கே முடிகிறது? 145 கிலோமீற்றர் நடந்து, கொழும்புக்கு வடக்கே மட்டக்குளியில் கடலோடு கலக்கிறது. அந்த முகத்துவாரத்துக்கு அருகே, காக்கைத்தீவில், என்ன இருக்கிறது? 1981-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய நீரியல் வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகம், நாம் சுருக்கமாக 'நாரா' என்கிறோமே, அது இருக்கிறது! நம் வீட்டு வாசலைக் கழுவிய நீர் அந்நிலையத்தின் வாசலைக் கடந்துதான் கடலுக்குப் போகிறது.

அந்த நீர் எதைச் சுமந்து போகிறது? இறப்பர்ப் பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றுகிறோம். பால் உறைந்தபின் வடியும் கழிவுநீர் ஓடையில் விழுந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை உண்டு தீர்க்கின்றன. மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. மரக்கறித் தோட்டத்தில் அளவுக்கு மீறிப் போட்ட உரம் மழையோடு கரைந்து ஆற்றிலிறங்குகிறது. அதனால் பாசி பெருகுகிறது. அந்த ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுத்த நீரைத்தான் கொழும்பு நகரம் குடிக்கிறது. இவற்றை அளந்து எழுதும் கலை ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறது. நம் விவசாயியோ கேட்பதற்கு ஆளின்றி நிற்கிறான். இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்துக்குத்தான் தொண்டர் என்று பெயர்.

அளவை ஏடு கூடத்தில் கிடந்தால் காகிதம். நீதிமன்றம் ஏறினால் அதுவே ஆயுதம். 2021-ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக் கடலில் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்ற கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் குவிந்தன. ஆமைகள் செத்து ஒதுங்கின. மீனவர் தொழில் முடங்கிற்று. மீனவர்களும் சமயத் தலைவர்களும் சூழல் இயக்கத்தினரும் வழக்காடினர். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம், 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பல் தரப்புக்கு ஆணையிட்டது. இத்தகைய வழக்கில் வெறும் கண்ணீர் சான்றாகாது. நீரை எடுத்துச் சோதித்தவன், மீனை அறுத்துப் பார்த்தவன், நாளும் அளவும் குறித்து வைத்தவன்: இவர்களின் ஏடே சான்று. நாளை நம் ஓடை நஞ்சானால் நமக்கும் அதுவே சான்று.

சட்டம் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றும் கூற வேண்டும். நமது அரசியலமைப்பின் 28-ஆவது உறுப்புரை, இயற்கையைப் பாதுகாத்து அதன் வளங்களைப் பேணுவது இலங்கையிலுள்ள ஒவ்வோர் ஆளினதும் கடமை என்கிறது. 'ஒவ்வொரு குடிமகனும்' என்று சொல்லவில்லை. 'ஒவ்வோர் ஆளும்' என்கிறது! 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றவராக்கிற்று. எஞ்சியோருக்கு அவ்வுரிமை முழுமையாகக் கிட்ட 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருந்தோம். உரிமை இல்லாத காலத்திலும் கடமை நம்மீது இருந்தது. உரிமை வந்தபின் கடமையை மறக்கலாமா? உரிமையைப் பயன்படுத்தாமல்தான் விடலாமா? 1987-இல் வந்த 13-ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், பொது அதிகார சபைகளிடமிருந்து தகவல் கேட்டுப் பெறும் உரிமையைத் தந்தது. ஆற்றுநீரின் சோதனை முடிவைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் எதைக் கேட்பது என்று அறிந்தவனுக்குத்தான் அவ்வுரிமை பயன்படும். அந்த அறிவைக் கண்ணால் கண்டு பெறும் பள்ளிக்கூடமே வாயில் திறக்கும் நாள்.

இளந்தோழர்களே! தொண்டனாக நிற்பது மார்பில் பட்டை குத்திக்கொண்டு படமெடுத்துக்கொள்வதன்று. அதற்கு முறைகள் உண்டு. ஒன்று: எல்லாவற்றையும் அரைகுறையாகப் படிக்காதீர்கள், ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டு அதை முற்றக் கற்றுக்கொள்ளுங்கள். பவளப்பாறை என்பது கல்லன்று. சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பு சுரந்து கட்டிய வீடு. அவ்வுயிரினுள் நுண்பாசி குடியிருந்து உணவு தருகிறது. நீர் சூடேறினால் பாசி அகன்றுவிடும். பவளம் வெளுத்துச் சாகும். 1998-இல் நம் தீவைச் சுற்றிய பவளத்துக்கு நேர்ந்த கேடு அதுவே. இதை ஐந்து நிமிடத்தில் நல்ல தமிழில் ஒரு கிழவிக்குப் புரியச் சொல்ல முடிந்தால் நீங்கள் தொண்டர்.

இரண்டு: தெரியாததைத் தெரியாதென்று சொல்லுங்கள். கேட்டவரை அழைத்துச் சென்று விஞ்ஞானியிடம் நிறுத்தி, கேள்வியையும் விடையையும் மொழிபெயர்த்துக் கொடுங்கள். மூன்று: மோட்டார் வண்டியில் வந்தவருக்கும் வெறுங்காலோடு வந்தவருக்கும் ஒரே மரியாதை, ஒரே நேரம். நான்கு: தொட்டியிலுள்ள உயிரும் உயிரே. கண்ணாடியைத் தட்டவும் கடலட்டையைத் தூக்கி விளையாடவும் இடங்கொடாதீர்கள். அது கடலடி மண்ணை உண்டு சலித்துத் தூய்மை செய்யும் பிராணி என்று சொல்லித் தடுங்கள், அதட்டித் தடுக்காதீர்கள். ஐந்து: மக்கள் கேட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி ஊருக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் கொப்பியே நீங்கள் கொண்டுவரும் செல்வம்.

இம்மண்ணுக்குத் தொண்டு புதிதன்று. 1934-35-ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் இந்தக் கேகாலைப் பகுதியைச் சூறையாடிற்று. நாடெங்கும் 80,000 பேர்வரை மாண்டனர் என்பர். அன்று சூரியமல் இயக்கத் தொண்டர்கள் மருந்தும் உணவுமாகக் கிராமம் கிராமமாக நடந்தனர். அவர்களில் ஒருவரான என். எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மஹத்தயா' என்று அன்போடு அழைத்து, 1936-இல் ருவன்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கு அனுப்பினர். மருத்துவ அறிவை மக்கள் வாசலுக்குச் சுமந்து வந்தார்கள் அன்றைய தொண்டர்கள். இன்று மக்களை அறிவின் வாசலுக்கு அழைத்துச் செல்வது நம் முறை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இக்கூட்டம் கலையுமுன், ஆசிரியர்களும் விவசாயிகளும் சேர்ந்து தமிழில் ஒரு கடிதம் எழுதுவோம். களனி முகத்துவாரத்திலுள்ள நிலையத்துக்கு எழுதுவோம். "நீங்கள் பொதுமக்களை வரவேற்கும் நாளை எங்களுக்கு அறிவியுங்கள். தமிழில் விளக்கம் சொல்லப் பயிற்சி பெற விரும்பும் பத்து இளைஞர்களை நாங்கள் அனுப்புகிறோம். அவர்களோடு எங்கள் ஓடை நீரையும் ஒரு போத்தலில் அனுப்புகிறோம், அதை எப்படிச் சோதிப்பது என்று காட்டிக்கொடுங்கள்" என்று எழுதுவோம். பத்துப் பேரில் ஐவர் பெண்களாக இருக்கட்டும். வழிச் செலவுக்கு ஊரே கை கொடுக்கட்டும்.

விஞ்ஞானம் படிக்கத் தமிழ் வகுப்பு அருகில் இல்லையென்று உயர்தரத்தில் வேறு பாடம் எடுத்த பிள்ளைகள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். அந்தக் குறையை நீக்கப் போராடுவோம். அது நெடிய போராட்டம். அது முடியும்வரை, திறந்த கதவின் முன்னால் நம் பிள்ளைகள் நின்று காத்திருக்கத் தேவையில்லை. முதல் தொண்டர்களின் பெயர்களைப் பதியும் தாள் இதோ மேசைமேல் இருக்கிறது. எழுந்து வாருங்கள்.