பழைய டிராக்டரைப் பேணும் முறை

(தென்காசி வட்டார உழவர் கூட்டத்தில் விவசாயி ஒருவர் ஆற்றிய உரை)

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் நமக்கெல்லாம் மகிழ்ச்சி. சிற்றாற்றில் தண்ணீர் வரும், குளம் பெருகும். ஆனால் கொட்டகையில் சும்மா நிற்கும் பழைய டிராக்டருக்கு அந்த ஈரக்காற்றே பெரும் பகை. இதை நான் நட்டப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் இருப்பது 1979ஆம் ஆண்டில் என் தகப்பனார் வாங்கிய எச்.எம்.டி. ஜீட்டர் 2511. இரண்டு சிலிண்டர், 25 குதிரைத்திறன். அன்று கூட்டுக் குடும்பத்துக்கு 12 ஏக்கர் இருந்தது. பாகம் பிரித்தபோது 4 ஏக்கரும் இந்த வண்டியும் என் பங்குக்கு வந்தன. 4 ஏக்கரை நம்பிக் கடன் வாங்கிப் புது வண்டி எடுத்தால் தவணை கட்டி மீள முடியாது. ஆகவே பழையதைக் காப்பாற்றுவது எனக்கு ஆசைக்காக அல்ல, பிழைப்புக்காக.

எனக்கு நேர்ந்த நட்டம்

ஓர் ஆண்டு கார் நடவு முடிந்ததும் வண்டியை ஓலைக் கொட்டகையில் விட்டேன். டாங்கியில் பாதிதான் டீசல் இருந்தது. ஆனி முதல் புரட்டாசி வரை திரும்பிப் பார்க்கவில்லை. பிசானத்துக்குத் தொளி உழவு செய்ய ஐப்பசியில் கிளப்பினால் வெள்ளைப் புகை வந்தது, இழுவை இல்லை. மெக்கானிக் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, டீசலில் பாதி தண்ணீர்" என்றார். காலி இடத்தில் இருந்த ஈரக்காற்று இரவுக் குளிரில் நீராகி அடியில் தங்கியிருக்கிறது. அந்த நீர் டீசல் பம்பைத் துருவேற்றிவிட்டது. பம்பு பழுது பார்த்து வருவதற்குள், 25 நாளில் நட வேண்டிய நாற்று 38 நாள் நாற்றாகிவிட்டது. தூர் வெடிப்பு குறைந்து, விளைச்சலும் குறைந்தது. பம்புக்குக் கொடுத்த பணத்தைவிட அந்த இழப்பே பெரிது.

சாரல் காலத்தில் நிறுத்தி வைக்கும் முறை

1. வேலை முடிந்த அன்று மாலையே டாங்கியை நிரப்பிவிட வேண்டும். காலி இடம் இல்லையேல் ஈரக்காற்றுக்கு இடமில்லை. டீசல் வடிகட்டியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும்.

2. புகைக்குழாயைத் தகர டப்பாவால் மூட வேண்டும். கிளப்பும் முன் மறவாமல் எடுக்க வேண்டும்.

3. கிளட்ச் பெடலை அமுக்கி மரக்கட்டை கொடுத்து நிறுத்தினால், கிளட்ச் தட்டு துருவேறி ஒட்டிக்கொள்ளாது.

4. பாட்டரி இணைப்பைக் கழற்றி, முனைகளில் வாசலின் தடவ வேண்டும்.

5. பதினைந்து நாளுக்கு ஒரு முறை கிளப்பி, எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்ட வேண்டும். இரண்டு நிமிடம் ஓட்டி அணைப்பதால் உள்ளே ஈரம்தான் சேரும்.

அன்றாடக் கவனிப்பு

பழைய வண்டிகளில் எண்ணெய்க் கிண்ணம் உள்ள காற்று வடிகட்டி இருக்கும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் புழுதி உழவு செய்வோர் அதை நாள்தோறும் பார்க்க வேண்டும். அடியில் சேறு படிந்திருந்தால் கழுவிப் புது எண்ணெய் விட வேண்டும். குறியிட்ட மட்டத்துக்கு மேல் ஊற்றக் கூடாது. மிகுந்த எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும்.

தொளி உழவு முடிந்ததும் கேஜ் வீலைக் கழற்றி, வண்டியைக் கழுவி, முன் சக்கரங்களின் கிரீஸ் முனைகளில் பழைய சேற்றுக் கிரீஸ் வெளிவரும் வரை புதுக் கிரீஸ் அடிக்க வேண்டும். நனைந்த பிரேக் உடனே பிடிக்காது. சாலையில் ஏறும் முன் மெதுவாக ஓட்டிச் சோதிக்க வேண்டும்.

புகையும் ஒரு நாடிதான். கறுப்பானால் காற்று அடைப்பு, மிகைச் சுமை அல்லது இன்ஜெக்டர் கோளாறு. நீலமானால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னும் வெள்ளையானால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது.

உதிரிப் பாகம்

எச்.எம்.டி. நிறுவனம் செக்கோஸ்லோவேகியாவின் ஜீட்டர் நிறுவன உதவியுடன் 1971ல் ஹரியானாவின் பிஞ்சோரில் டிராக்டர் உற்பத்தியைத் தொடங்கியது. அந்தப் பிரிவை மூட 2016ல் மத்திய அரசு முடிவு செய்தது. எனவே என்னைப் போன்றோருக்குப் பாகம் கிடைப்பதே பெரும் கவலை. ஓடாத அதே மாடல் வண்டி ஒன்றை எடைக்கு வாங்கி, பல் சக்கரம், அச்சு, ஹைட்ராலிக் பாகங்களைக் கழற்றி எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். பழைய கையேட்டையும் பாக எண் பட்டியலையும் தூக்கி எறியாதீர்கள்.

மேல்நாடுகளில் பழைய டிராக்டரைச் சேகரிப்பது ஒரு பொழுதுபோக்கு. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட சாம்பல் நிறப் பெர்குசன் டிராக்டர்களை இன்றும் போற்றி ஓட்டுகிறார்கள். நம் கலப்பையைத் தூக்கி இறக்கும் மூன்று முனை இணைப்பை அந்தப் பெர்குசன்தான் உலகெங்கும் பரப்பினார். நமக்கு அது பொழுதுபோக்கு அல்ல. ஆனால் அவர்கள் காட்டும் அக்கறை நமக்கும் வேண்டும்.

உயிருக்குப் பாதுகாப்பு

பழைய வண்டியில் கவிழ்ந்தால் காக்கும் கம்பிச் சட்டம் கிடையாது. சுமையை எப்போதும் கீழ் இழுவைக் கொக்கியிலேயே கட்ட வேண்டும். உயரத்தில் கட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும். கீழே நின்று ஸ்டார்ட்டரைத் திருப்புளியால் தொட்டுக் கிளப்பாதீர்கள். கியரில் இருந்தால் சக்கரம் உங்கள் மேல் ஏறும். சுழலும் பி.டி.ஓ. தண்டுக்கு மூடி போடுங்கள். தோளில் துண்டோடு அதன் அருகே போகாதீர்கள்.

வண்டிப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

எப்போது விட்டுவிடுவது?

பிரேக்கும் ஸ்டியரிங்கும் சீர்படாத வண்டியைப் பாசத்துக்காக ஓட்டக் கூடாது. பழுதுச் செலவைப் பருவந்தோறும் நோட்டில் எழுதுங்கள். வாடகை உழவுக்கு ஆகும் தொகையை அது தாண்டினால் வண்டியை ஓய்வெடுக்க விடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்குத் தருகிறது.

அதுவரை, மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரத்தில் டிராக்டரையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். எனக்கு நேர்ந்த நட்டம் உங்களுக்கு நேர வேண்டாம்.